டிக்கெட் இல்லாத ஆறு ஞாயிறுகள்

மடக்கு நாற்காலி 125-ஆம் தெரு ரயில் நிலையத்தின் படிக்கட்டிலேயே காலை வாரிவிட்டது. ஒரு பக்கத்துக் கம்பி கழன்று தொங்க, அதைத் தோளில் போட்டுக்கொண்டு லெனாக்ஸ் அவென்யூவில் நடந்தேன். 2022 ஆகஸ்ட் கடைசி வாரம். நியூயார்க் என்றதும் பனியை மட்டும் நினைப்பவர்கள் ஆகஸ்டில் ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். கட்டடமும் தார்ச்சாலையும் சேர்ந்து கக்கும் வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிடும். கடை வாசலில் நின்ற ஒருவர் என் தோளில் தொங்கியதைப் பார்த்துச் சிரித்தார். "பூங்காவுக்குத்தானே? அங்கே புல் இருக்கிறது, போங்கள்" என்றார்.

மார்கஸ் கார்வி பூங்காவில் ஒவ்வோர் ஆகஸ்டும் சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கர் பெயரில் ஜாஸ் விழா நடக்கும். அனுமதி இலவசம். நான் நியூஜெர்சிக்கு வந்து பதினான்கு வருடம். அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட ஹார்லெமில், மன்ஹாட்டனின் வடக்கே கறுப்பின மக்கள் வாழும் பகுதியில், இறங்கியதில்லை. வந்த புதிதில் அறை நண்பர் சொன்ன முதல் அறிவுரை இன்னும் நினைவிருக்கிறது: "மன்ஹாட்டன்ல எங்க வேணா சுத்து. 110-ஆம் தெருவுக்கு மேல மட்டும் போயிடாத." அவரும் போனதில்லை. அவருக்கு அதைச் சொன்னவரும் போயிருக்க மாட்டார். யாரும் பார்க்காத ஓர் இடத்தைப் பற்றிய பயம் நம்மவர்களிடையே குடும்ப நகை மாதிரி கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. வாடகைக்கு வீடு பார்க்கும்போது "ஏரியா எப்படி?" என்று கேட்பதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். ஊரில் "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்கிறோமே, அதற்கும் இதற்கும் நூல் அளவுதான் வித்தியாசம். நானும் அந்தக் கேள்வியைக் கேட்டு வீடு பார்த்தவன்தான்.

என்னை அங்கே இறங்க வைத்தது ஒரு படம். 2021-இல், கொரோனா வீட்டுக்குள் அடைத்து வைத்திருந்த நாட்களில், 'சம்மர் ஆஃப் சோல்' என்ற ஆவணப்படத்தை மடிக்கணினியில் பார்த்தேன். மளிகைச் சாமானைக்கூட வாசலில் வைத்துத் துடைத்து எடுத்த காலம் அது. திரையில் ஐம்பதாயிரம் பேர் தோளோடு தோள் உரசி நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டைவிட அந்தக் கூட்டம்தான் முதலில் என்னை உலுக்கியது.

படத்தில் இருந்தது 1969 கோடை, இதே பூங்கா. அப்போது இந்தப் பூங்காவின் பெயர் மவுண்ட் மாரிஸ். ஜூன் 29 தொடங்கி ஆகஸ்ட் 24 வரை, இடையிடையே ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே ஹார்லெம் கலாசார விழா நடந்தது. டிக்கெட் கிடையாது. பிற்பகலில் கச்சேரி தொடங்கும். ஆறு நாளும் சேர்த்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் வந்தார்கள் என்பது கணக்கு. பாட வந்தவர்களின் பட்டியலைப் படித்தால் இன்றைய நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் யாரும் நம்ப மாட்டார். ஸ்டீவி வொண்டர், மஹாலியா ஜாக்சன், நீனா சிமோன், பி.பி. கிங், கிளாடிஸ் நைட், ஸ்டேப்பிள் சிங்கர்ஸ், ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன், தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறி வாழ்ந்த ஹியூ மசகேலா, கியூபாவின் மோங்கோ சாந்தமரியா. எல்லோரும் ஒரே கோடையில் ஒரே பூங்காவுக்கு வந்து பாடியிருக்கிறார்கள்.

பூங்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்ஹாட்டனின் தெருக்கள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டவை. ஐந்தாவது அவென்யூ தெற்கிலிருந்து நேராக ஓடிவந்து 120-ஆம் தெருவில் ஒரு பாறைக் குன்றில் முட்டி நிற்கிறது. குன்றைச் சுற்றிக்கொண்டு 124-ஆம் தெருவில்தான் மறுபடி கிளம்புகிறது. பணக்காரத்தனத்துக்குப் பேர்போன அந்தச் சாலையை வழிமறித்து உட்கார்ந்திருக்கும் பாறையைச் சுற்றியதுதான் பூங்கா. பாறையின் உச்சியில் வார்ப்பிரும்பில் கட்டிய தீக் கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது, 1850-களில் கட்டியது. எங்காவது புகை தெரிந்தால் மேலே இருப்பவர் மணி அடிப்பார். நகரத்தில் இந்த வகைக் கோபுரங்களில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 1969-இன் ஒளிப்பதிவில் அந்தப் பாறை தெரிவதே இல்லை. அது முழுக்க மனிதர்கள்.

இலவசம் என்றால் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நம்மூரில் இலவசத் தொலைக்காட்சி வாங்கிய எல்லோருக்கும் இது தெரியும். இங்கே கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாநகராட்சியின் பூங்காத் துறை, இன்னொருவர் மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பி. இருவரையும் ஒரு மேடையில் கட்டிப்போட்டவர் டோனி லாரன்ஸ் என்ற பாடகர். 1967-லிருந்தே சிறிய அளவில் இந்த விழாவை நடத்திவந்தவர். பெரிய பாடகர்களிடம் போய், "மற்றவர் எல்லாம் ஒத்துக்கொண்டாயிற்று, நீங்கள்தான் பாக்கி" என்று சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். கோயில் திருவிழாவுக்குக் கச்சேரி பேசிய யாருக்கும் இந்த வித்தை புதிதில்லை.

மாநகராட்சிக்கு இதில் என்ன அக்கறை? 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட இரவு, அமெரிக்க நகரங்கள் பற்றி எரியத் தொடங்கின. நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே அன்று இரவே ஹார்லெம் தெருக்களில் இறங்கி நடந்தார். அடுத்த கோடை எப்படிப் போகுமோ என்ற கவலை நகர நிர்வாகத்துக்கு இருந்தது. அதோடு 1969 தேர்தல் ஆண்டு. விழா தொடங்குவதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் லிண்ட்சே தன் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் தோற்றிருந்தார். வேறு சின்னத்தில் நிற்க வேண்டிய நிலை. கறுப்பின மக்களின் ஓட்டு அவருக்கு மிக முக்கியம். விழா மேடைக்கு வந்தவரை டோனி லாரன்ஸ் "நீலக்கண் சோல் பிரதர்" என்று, வெள்ளைக்காரரானாலும் நம்மவர்தான் என்ற பொருளில், அறிமுகப்படுத்தினார். கூட்டம் கை தட்டியது. நவம்பரில் லிண்ட்சே ஜெயித்தார்.

இதை வைத்து விழாவையே ஒரு தேர்தல் உத்தி என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயத்தில் கொடுத்தாலும் ஓட்டுக்குக் கொடுத்தாலும், வாங்கியவர்கள் அதை என்னவாக மாற்றினார்கள் என்பதுதான் விஷயம்.

மூன்றாவதாக ஒருவரும் இலவசமாகக் கொடுத்தார்: சூரியன். படம்பிடித்த ஹால் டல்ச்சினிடம் விளக்கு வாடகைக்குப் பணம் இல்லை. அதனால் மேடையை மேற்குப் பார்த்துக் கட்டச் சொன்னார். மூன்று மணிக்குத் தொடங்கினால் இறங்கு வெயில் நேராகப் பாடகரின் முகத்தில் விழும். அந்தப் படத்தில் எல்லோருடைய முகமும் ஏன் அப்படி மின்னுகிறது, நெற்றி வியர்வையில் ஒவ்வொரு துளியும் ஏன் தனித்தனியாகத் தெரிகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காரணம் காசில்லாததுதான்.

காவலுக்கு நின்றவர்கள் இன்னொரு கதை. மேடையைச் சுற்றி, கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் நின்றார்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் நியூயார்க்கின் பாந்தர்கள் 21 பேர் மீது, வெடிகுண்டு வைக்கச் சதி செய்தார்கள் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். 1971-இல் நடுவர் குழு விசாரணைக்கு நின்ற எல்லோரையும் விடுதலை செய்தது. அரசு பயங்கரவாதிகள் என்று சொன்னவர்கள் பூங்காவில் தொலைந்த குழந்தைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். 'பாந்தர்' என்ற அந்தச் சொல் 1972-இல் பம்பாய்க்கு வந்து தலித் பாந்தர் ஆனது. பிறகு மதுரைக்கு இறங்கி, தமிழில் 'சிறுத்தைகள்' ஆனது. சுவர்களில் அந்தப் பெயரைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அதன் வேர் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்திலும் ஹார்லெமிலும் இருக்கிறது என்பது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன்.

டிக்கெட் என்பது காசு வாங்குவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஆளைப் பிரிக்கும் சல்லடையும்கூட. ஜாஸ் கேட்பவர் ஜாஸ் அரங்குக்குப் போவார், கிராமத்துப் பாட்டி தேவாலயத்துக்குப் போவார், பேத்தி சோல் பாட்டுக்கு ஆடப்போவாள். கட்டணம் ஒவ்வொருவரையும் அவரவர் ருசியில் உட்கார வைத்துவிடும். சல்லடையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஒளிப்பதிவில் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை வேறு. தேவாலயத்திலிருந்து தொப்பியும் கையுறையுமாக நேராக வந்துவிட்ட பெரியம்மாக்கள் ஒரு வரிசையில். அவர்களுக்குப் பின்னால் தலைமுடியை அப்படியே வளரவிட்டு டாஷிக்கி என்ற ஆப்பிரிக்கத் தொளதொளச் சட்டை போட்ட பையன்கள். மரக்கிளையில் நாலு பொடியன்கள். கீழே ஒருவர் கால்களை நீட்டித் தூங்குகிறார், பக்கத்தில் ஸ்பானிய மொழியில் சண்டை. பூங்காவுக்குக் கிழக்கே போனால் பியூர்ட்டோ ரிக்கோக்காரர்கள் வாழும் எல் பாரியோ. ரே பரெட்டோவும் மோங்கோ சாந்தமரியாவும் கொங்கா மேளத்தில் கை வைத்தபோது ஆடியவர்களில் யார் எந்தத் தெரு என்று சொல்ல முடியாது.

ஃபிஃப்த் டைமென்ஷன் குழுவின் கதை இங்கே பொருந்தும். ஐவருமே கறுப்பர்கள். ஆனால் அவர்கள் பாட்டு 'வெள்ளைக்காரப் பாட்டு' என்று சொந்த மக்களே ஒதுக்கிய குழு. அந்த ஆண்டு அவர்களின் 'அக்வேரியஸ்' ஆறு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டு கிடைத்ததே ஒரு தற்செயல். குழுவின் பில்லி டேவிஸ் நியூயார்க் டாக்சியில் பர்ஸைத் தொலைத்தார். கண்டெடுத்தவர் 'ஹேர்' என்ற மேடை இசை நாடகத்தின் தயாரிப்போடு தொடர்புள்ளவர். பர்ஸைத் திருப்பிக் கொடுத்த கையோடு நாடகத்துக்கும் அழைத்தார். அங்கே கேட்ட பாட்டுதான் அது. ஹார்லெமில் அவர்கள் ஆரஞ்சு மஞ்சள் உடையில் மேடையேறினார்கள். பாடகி மர்லின் மக்கூ ஐம்பது வருடம் கழித்து அந்தக் காட்சியைப் பார்க்கும்போது கண் கலங்குகிறார். நாடே கொண்டாடியதைவிட, தங்கள் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்களா என்ற பயம்தான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. வெளியூரில் பேர் வாங்கினவன் சொந்தத் தெருவில் நடக்கும்போது வரும் கூச்சம் அது.

ஸ்லை ஸ்டோனின் குழுவுக்கு வேறு விதமான தயக்கம் காத்திருந்தது. டிரம்ஸில் ஒரு வெள்ளைக்காரர், டிரம்பெட்டில் ஒரு பெண். கறுப்புப் பாட்டுக்கு வெள்ளைக்கார டிரம்மரா என்று கூட்டத்தில் சிலர் நெளிந்தது உண்மை. நாலு நிமிடம் தாங்கவில்லை அந்த நெளிவு.

ஜூலை 13-க்கு மட்டும் நான் நாலைந்து முறை திரும்பிப் போயிருக்கிறேன். அன்று காஸ்பெல் நாள், தேவாலயப் பாடல்கள். எட்வின் ஹாக்கின்ஸ் சிங்கர்ஸ் பச்சை உடையில் வந்து 'ஓ ஹாப்பி டே' பாடுகிறார்கள். மாலையில் கிங்கோடு இயக்கத்தில் இருந்த 27 வயது ஜெஸ்ஸி ஜாக்சன் மேடையேறுகிறார். ஒரு வருடத்துக்கு முன்பு மெம்ஃபிஸ் நகரில் லொரேன் விடுதியின் முற்றத்தில் நின்றவர். மாடியில் கிங் நிற்கிறார். கீழே சாக்சபோன் கலைஞர் பென் பிராஞ்ச். இன்றிரவுக் கூட்டத்தில் எனக்காக 'பிரெஷியஸ் லார்ட்' வாசியுங்கள், நன்றாக வாசியுங்கள் என்று கிங் அவரிடம் கேட்கிறார். அடுத்த நொடிகளில் துப்பாக்கி வெடிக்கிறது. ஜாக்சன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அதே பென் பிராஞ்ச் தன் குழுவோடு அதே மேடையில் நிற்கிறார்.

அந்தப் பாட்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. எழுதியவர் தாமஸ் டோர்சி. 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் மதுக்கூடங்களில் புளூஸ் வாசித்துக்கொண்டிருந்தவர். 1932-இல் வெளியூரில் இருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்தார் என்று தந்தி வந்தது. வீடு வந்து சேர்ந்தபின் குழந்தையும் போய்விட்டது. 'என் கையைப் பிடித்துக்கொள், களைத்துப்போய்விட்டேன்' என்ற பாட்டு அந்த நாட்களில் வந்தது. மதுக்கூட இசையின் சாயல் இருக்கிறது என்று டோர்சியின் பாட்டுகளைத் தேவாலயங்கள் தொடக்கத்தில் உள்ளே விடவில்லை.

மஹாலியா ஜாக்சனுக்கு அன்று உடம்பு சரியில்லை. கிங்கின் இறுதிச் சடங்கில் இதே பாட்டைப் பாடியவர் அவர். பக்கத்தில் இருந்த, ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் குழுவின் மேவிஸ் ஸ்டேப்பிள்ஸின் காதில், நீ தொடங்கு என்றார். மேவிஸுக்கு மூன்று நாள் முன்புதான் முப்பது வயது முடிந்திருந்தது. சிறு வயதிலிருந்து வீட்டு ரெக்கார்டில் கேட்டு வளர்ந்த குரல், இப்போது தன்னைத் துணைக்குக் கூப்பிடுகிறது. மேவிஸ் தொடங்குகிறார். தாழ்ந்த, கரகரப்பான, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். கொஞ்ச நேரத்தில் மஹாலியா எழுந்து வருகிறார். ஒரே மைக்கை இருவரும் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு கட்டத்தில் அது பாட்டாக இல்லை. நம்மூரில் ஒப்பாரி பாடும்போது ஒருத்தி எடுத்ததை அடுத்தவள் வாங்கி, சொற்கள் தேய்ந்து, வெறும் குரல் மட்டும் மிஞ்சும் ஓர் இடம் வருமே, அந்த இடம். கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. டாஷிக்கி போட்ட பையன் ஒருவன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். அவன் தேவாலயத்துக்குப் போகிறவன் மாதிரி எனக்குப் படவில்லை. நான் சல்லடை என்று சொன்னது இதைத்தான்.

அடுத்த ஞாயிறு ஜூலை 20. உலகமே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த நாள். நிலவில் மனிதன் கால் வைக்கப்போகிறான். ஹார்லெமில் ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்டீவி வொண்டருக்காகப் பூங்காவில் இருந்தார்கள். அவருக்கு அப்போது 19 வயது. டிரம்ஸில் உட்கார்ந்து வெளுத்து வாங்குகிறார், அப்புறம் எழுந்து வந்து கீபோர்டைப் பிடிக்கிறார். செய்தியாளர் ஒருவர் கூட்டத்துக்குள் மைக்கை நீட்டி நிலவுப் பயணத்தைப் பற்றிக் கேட்கிறார். அறிவியலுக்கு நல்லதுதான், ஆனால் அந்தப் பணத்தில் ஹார்லெமில் பசித்திருப்பவர்களுக்குச் சோறு போட்டிருக்கலாமே என்கிறார்கள், ஒருவர் விடாமல், முகத்தில் கோபம்கூட இல்லாமல். பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. நான் சின்ன வயதில் ஆர்ம்ஸ்ட்ராங் படத்தை நோட்டில் ஒட்டி வைத்திருந்தவன். இஸ்ரோ ராக்கெட் விடும்போதெல்லாம் இதே கேள்வியைக் கேட்பவர்களைப் பார்த்து எரிச்சல் படுபவன். அன்றைக்கும் என் கட்சி மாறிவிடவில்லை. ஆனால் கேட்கிறவர் யார், எங்கே நின்று கேட்கிறார் என்பதைக் கொஞ்சம் கவனிக்கப் பழகினேன்.

நீனா சிமோன் ஆகஸ்ட் 17 அன்று வந்தார். அதே வார இறுதியில்தான், 160 கிலோமீட்டர் தொலைவில் ஒரு பால்பண்ணையில் வுட்ஸ்டாக் என்ற ராக் இசை விழா நடந்தது. ஸ்லை ஸ்டோன் குழு இரண்டிலும் பாடியிருக்கிறது. 17-ஆம் தேதி விடியுமுன் அவர்கள் வுட்ஸ்டாக்கில் பாடினார்கள், அன்று பிற்பகல் நீனா ஹார்லெமில். வுட்ஸ்டாக்கும் இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று நாளுக்கு முன்பதிவு 18 டாலர் வைத்திருந்தார்கள். கூட்டம் வேலியைத் தள்ளிவிட்டதால் வேறு வழியில்லாமல் இலவசமானது. ஹார்லெமில் தள்ளுவதற்கு வேலியே கிடையாது. வுட்ஸ்டாக் ஒரு தலைமுறையின் அடையாளமாகி, 1970-இல் படமாக வந்து, ஆவணப்படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. ஹார்லெம் விழாவுக்கு அதே பரிசு வர மேலும் 51 வருடம் ஆனது.

நீனா அன்று மஞ்சளும் கறுப்புமான உடையில், முடியைக் கோபுரமாகக் கட்டிக்கொண்டு பியானோவில் அமர்ந்தார். பிராட்வேயில் நாடகம் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் எழுத்தாளர் லொரேன் ஹான்ஸ்பெரி அவருடைய தோழி. 1965-இல் 34 வயதில் புற்றுநோயில் இறந்தவர். தோழியின் சொற்களை எடுத்து நீனா கட்டிய புதிய பாட்டு 'டு பி யங், கிஃப்டட் அண்ட் பிளாக்'. பிள்ளைகளைப் பார்த்து, நீங்கள் கறுப்பர்கள், திறமைசாலிகள் என்று சொல்லும் பாட்டு. அந்த வருடம் 'பிளாக்' என்ற சொல்லே புதிது. அதுவரை வசவாக இருந்ததை அவர்கள் எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். பத்திரிகைகள் 'நீக்ரோ'வை விட மறுத்துக்கொண்டிருந்தன. தமிழில் நாம் அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் அந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் எழுதினோம். சிவப்பழகு க்ரீம் விளம்பரத்துக்கு நடுவே வளர்ந்த என் அக்காவுக்கு அந்தப் பாட்டின் இணைப்பை அனுப்பினேன். "வரி எல்லாம் புரியல, ஆனா அந்தப் பொம்பள உக்காந்திருக்கிற தோரணையே போதும்டா" என்று பதில் வந்தது.

இந்த விழாவைப் பற்றி எழுதும் எல்லோரும் ஒரு வாக்கியத்தை விடாமல் எழுதுகிறார்கள்: ஐம்பது வருடம் யாருக்கும் தெரியாமல் நிலவறையில் கிடந்த புதையல். கதைக்கு நன்றாக இருக்கிறது. நடந்தது அதைவிட மோசம். விழா யாருக்கும் தெரியாமல் இல்லை. அந்த வருடமே ஒரு மணி நேரத் தொகுப்புகளாகத் தொலைக்காட்சியில் வந்தது. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். டல்ச்சின் கையில் 40 மணி நேர வீடியோ இருந்தது. கதவு கதவாகத் தட்டினார். 'கறுப்பு வுட்ஸ்டாக்' என்று பெயர் வைத்தால் விற்குமா என்றும் பார்த்தார். விற்கவில்லை. நீனா சிமோனைப் பற்றிய படங்களில் துண்டு துண்டாகச் சில காட்சிகள் வந்தன. தொலைந்து போன பொருளைத் தேடுவார்கள். இது கண் முன்னால் இருந்தும் யாரும் கையில் எடுக்காத பொருள். டல்ச்சின் 2017-இல் இறந்தார், படத்தைப் பார்க்காமலே.

அந்த ஒளிப்பதிவைப் பின்னர் 'சம்மர் ஆஃப் சோல்' படமாக்கிய க்வெஸ்ட்லவ், 'த ரூட்ஸ்' இசைக் குழுவின் டிரம்மர். 1997-இல் டோக்கியோவில் ஒரு காப்பிக் கடையில் ஸ்லை ஸ்டோன் பாடும் இரண்டு நிமிடத் துண்டைப் பார்த்தாராம். எந்த விழா என்றே தெரியாமல் நகர்ந்துவிட்டார். இசையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தவருக்கே இந்த நிலை. இருபது வருடம் கழித்து இந்த ஒளிப்பதிவு கைக்கு வந்தபோது, மாதக்கணக்கில் வீட்டுத் திரையில் இரவும் பகலும் ஓடவிட்டு, உடம்பு சிலிர்த்த இடங்களை மட்டும் குறித்துக்கொண்டார். 2022 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் பரிசை அறிவிக்க மேடைக்கு வந்தவர் நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக். அறிவிப்பதற்குச் சற்று முன்புதான் வில் ஸ்மித் ஏறிவந்து அவர் கன்னத்தில் அறைந்தார். மறுநாள் உலகம் முழுக்க அறையைப் பற்றித்தான் பேச்சு. ஐம்பது வருடம் கண்டுகொள்ளப்படாத விழாவுக்குப் பரிசு கிடைத்த நிமிடத்தையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டிவியை அணைத்தேன்.

படத்தில் ஒருவர் வருகிறார். சின்னப் பையனாக அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அந்தக் காட்சிகளைப் பார்த்து அழுதுவிடுகிறார். ஊரில் யாரும் அந்த விழாவைப் பற்றிப் பேசாததால், தன் நினைவே பொய்யோ என்று இத்தனை வருடம் சந்தேகப்பட்டிருக்கிறார் மனிதர்.

அவரை மனதில் வைத்துக்கொண்டுதான் அன்று மார்கஸ் கார்வி பூங்காவில் புல்லில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒரு நால்வர் குழு சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர், வெள்ளை வேட்டி மாதிரி வெளுத்த பேண்ட், ஓலைத் தொப்பி. என் நாற்காலியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து, அதன் வளையத்தைக் கழற்றி, விட்டுப்போன கம்பியில் கோத்தார்.

"நீங்கள் 69-இல் இங்கே இருந்தீர்களா?" என்று கேட்டேன். கேட்கக் காத்திருந்த கேள்வி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தம்பி, நான் இந்த ஊருக்கு வந்ததே 85-இல். அந்தப் படம் வந்த நாளிலிருந்து என் நரையைப் பார்த்தவர்கள் எல்லாம் இதையேதான் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று பார்க்கிறேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவருடைய மனைவியின் அத்தை 69 விழாவுக்கு வந்திருந்தாராம். அவரிடம் இவரும் ஆசையாகக் கேட்டிருக்கிறார், யார் பாடினார்கள், எப்படி இருந்தது என்று. அத்தைக்குப் பாட்டு ஒன்றும் ஞாபகம் இல்லை. பாறை மேல் ஏறும்போது இடது கால் செருப்பு இடுக்கில் விழுந்துவிட்டது, அதுதான் ஞாபகம். வெள்ளைச் செருப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கென்று புதிதாக வாங்கியது. கூட்டத்தில் குனிந்து எடுக்க முடியவில்லை. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறார்.

"ஸ்டீவி வொண்டரைப் பார்த்தாரா?" என்றேன்.

"செருப்பைத்தான் பார்த்தார்."

நாற்காலியைத் தட்டிப் பார்த்து என்னிடம் நீட்டினார். உட்கார்ந்தேன். தாங்கியது. சாக்சபோன் தொடங்கியதும் அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். எனக்கு ஜாஸ் முழுசாகப் பிடிபடாது. மேளக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்பது மாதிரி, எங்கே திரும்ப வந்து சேர்கிறார்கள் என்று மட்டும் காத்திருந்தேன். சேர்ந்தார்கள். முன் வரிசையில் ஒரு பாட்டி எழுந்து நின்று ஆடினார். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எங்கள் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் அம்மா தூரத்திலிருந்து கையாட்டி, இருக்கட்டும் என்பது போலச் சிரித்தாள்.

கச்சேரி முடிந்து எல்லோரும் நாற்காலிகளை மடக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. பெரியவருக்குச் சாவி வளையத்தைத் திருப்பித்தர முயன்றேன். வேண்டாம், கழற்றினால் மறுபடி விழுவீர்கள் என்றார். ரயிலுக்கு நேரம் இருந்தது. கோபுரம் வரை ஏறிப் பார்க்கலாம் என்று பாறைப் படியில் கால் வைத்தேன். மேலே போகும் வரை இரண்டு பக்கமும் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டே ஏறினேன்.